ஓட்டம் எத்தனை மணிக்குத் தொடங்குகிறது? பினாங்கில் ஒரு சங்க ஓட்டத்தின் கார்பன் கணக்கு

ஓட்டம், மலையேற்றம், சைக்கிள் சவாரி என்று எந்த வெளிப்புற நிகழ்ச்சியானாலும் சரி, "பசுமையாக நடத்துவோம்" என்று யாராவது சொன்னதும் எல்லாருடைய கண்ணும் போவது பிளாஸ்டிக் பாட்டில்மேல்தான். பாட்டில் தரையில் கிடக்கிறது, படம் எடுக்கலாம், பொறுக்கி மூட்டை கட்டினால் வேலை முடிந்த திருப்தியும் கிடைக்கிறது. ஆனால் உட்கார்ந்து கரியமில வாயுக் கணக்குப் போட்டால் பெரிய எண் கார் நிறுத்துமிடத்தில் நிற்கிறது, அதற்கு அடுத்தது டி-ஷர்ட் பெட்டிக்குள் இருக்கிறது, பாட்டில் அதற்கும் ரொம்பக் கீழே. முதல் இரண்டையும் ஓட்ட நாளன்று யாராலும் குறைக்க முடியாது. என்ன கிழமை, எத்தனை மணி, பதிவுப் படிவத்தில் என்ன கேள்வி என்று ஏற்பாட்டுக் குழு முதல் கூட்டத்தில் எடுக்கிற முடிவுகளிலேயே முக்கால்வாசி கார்பன் கணக்கு எழுதப்பட்டுவிடுகிறது. எங்கள் சங்கம் பினாங்கில் நடத்தும் ஓட்டத்தை வைத்து இதைச் சொல்கிறேன். இதே மாதிரி நிகழ்ச்சி நடத்தும் மற்ற சங்கங்கள், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள், கோயில் இளைஞர் பிரிவுகள் எடுத்துப் பயன்படுத்தட்டும் என்பதுதான் நோக்கம்.

நிகழ்ச்சி இதுதான். தண்ணீர்மலைக் கோயில் இருக்கும் ஜாலான் கெபுன் பூங்கா பக்கம், தாவரவியல் பூங்காவை ஒட்டி ஒரு 7 கி.மீ. ஓட்டம். பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு குட்டி ஓட்டம். விருப்பப்பட்டவர்களுக்கு அப்புறம் மூன் கேட் பாதை வழியாகப் பினாங்குக் கொடிமலை நோக்கி ஒரு நடை. வருகிறவர்களில் தீவுக்காரர்கள் கொஞ்சம்தான். பட்டர்வொர்த், பிறை, புக்கிட் மெர்தாஜம், நிபோங் திபால் என்று கடலுக்கு அந்தப் பக்கத்து நிலப்பகுதியான செபராங் பிறை ஆட்கள் அதிகம். பக்கத்துக் கெடா மாநிலத்தின் சுங்கை பட்டாணி, கூலிம் குடும்பங்களும் நிறைய. தைப்பிங், ஈப்போ ஆட்கள் சிலர், கோலாலம்பூரிலிருந்து எப்போதும் ஒரு சின்னக் கூட்டம்.

ஆரம்ப வருடங்களில் மலேசியாவில் எல்லாரும் செய்வது போலத்தான்: அதிகாலை 5.30-க்குக் கொடியசைப்பு. 4.30-க்கெல்லாம் ஆள் வந்து சேர வேண்டும். அந்த நேரத்துக்குப் பட்டர்வொர்த்திலிருந்து படகு கிடையாது, ரயில் கிடையாது, பஸ்ஸையும் நம்ப முடியாது. ஆகவே எல்லாரும் கார். இருட்டில் ஓடுவதால் விளக்குக் கோபுரம், விளக்குக்கு டீசல் ஜெனரேட்டர், தொடக்க வாசலில் நிற்கும் காற்று ஊதிய வளைவின் விசிறிக்கு இன்னொன்று. அப்புறம் வழக்கமானவை: எல்லாருக்கும் பாலியஸ்டர் டி-ஷர்ட், வருடம் பொறித்த பதக்கம், பெட்டி பெட்டியாகத் தண்ணீர் பாட்டில், பொட்டலச் சாப்பாடு.

எண்களைப் போட்டுப் பார்த்தது

கார்பன் கணக்குக்குப் பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம். சில எண்கள் கையில் இருந்தால் போதும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு, ஒரு லிட்டர் டீசல் என்றால் சுமார் 2.7 கிலோ. சாதாரணக் கார் 100 கி.மீ.க்கு 8 லிட்டர் குடிக்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

700 பேர் வரும் ஓட்டம் என்று ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். காருக்கு இரண்டரைப் பேர் என்றால் 280 கார். போக வர சராசரியாக 60 கி.மீ. (செபராங் பிறையிலிருந்து பாலம் ஏறி வருகிறவர்களை நினைத்தால் இது அதிகமே இல்லை.) மொத்தம் 16,800 கி.மீ., 1,344 லிட்டர், ஏறத்தாழ 3.1 டன்.

டி-ஷர்ட்டுக்கு ஆய்வுகள் தரும் எண்கள் ஒன்றுக்கொன்று விலகும். துணி, சாயம், எங்கே நெய்தது என்பதையெல்லாம் பொறுத்து ஒரு பாலியஸ்டர் டி-ஷர்ட்டுக்கு 2 கிலோ என்பார்கள், 5 கிலோவுக்கு மேலும் சொல்வார்கள். குறைந்த எண்ணை எடுத்தாலே 700 டி-ஷர்ட் 1.4 டன். அதிக எண்ணை எடுத்தால் கார்களையே தாண்டிவிடுகிறது. நான் இதை முதலில் நம்பவில்லை, திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

ஜெனரேட்டர்களுக்கு மொத்தமாக 100 லிட்டர் டீசல் போனால் 270 கிலோ. தண்ணீர் பாட்டில் ஒன்றுக்கு 80 கிராம் அளவில் எடுத்துக்கொண்டால், ஆளுக்கு மூன்று பாட்டில், 2,100 பாட்டில், சுமார் 170 கிலோ. அதாவது எல்லாரும் கவலைப்படும் பாட்டில், கார் கணக்கில் இருபதில் ஒரு பங்கை ஒட்டித்தான் வருகிறது. பாட்டில் பிரச்சினையே இல்லை என்று சொல்ல வரவில்லை. அது குப்பைப் பிரச்சினை, வடிகால் பிரச்சினை, கடல் பிரச்சினை. அதற்காகவே அதை ஒழிக்க வேண்டும், ஒழித்தோம். ஆனால் அதை ஒழித்துவிட்டுக் கார்பனைக் குறைத்துவிட்டோம் என்று பதாகை கட்டினால் அது உண்மை ஆகாது.

பெரிய நிகழ்ச்சிகளிலும் இதே கதைதான். 2024 பாரிஸ் ஒலிம்பிக் அமைப்பாளர்கள் தங்கள் மொத்த உமிழ்வு 15.9 லட்சம் டன் என்று அறிக்கை வெளியிட்டார்கள். லண்டன், ரியோ சராசரி 35 லட்சம் டன் அளவில் இருந்தது, அதில் பாதிக்கும் கீழே. அரங்குகளில் 95 விழுக்காடு ஏற்கெனவே இருந்தவை அல்லது தற்காலிகமானவை என்பதால் கட்டுமானத்தில் நிறைய மிச்சம். ஆனால் மிஞ்சியதில் பாதிக்கு மேல் பார்வையாளர்களின் பயணம். விமானத்தில் வருகிறவர்களை அமைப்பாளர்களால் என்ன செய்ய முடியும்? எங்கள் மாதிரிச் சின்ன நிகழ்ச்சிக்கு ஒரு வசதி உண்டு. வருகிறவர்களை எங்களுக்குத் தெரியும், கைபேசி எண் இருக்கிறது, எந்தத் தாமானில் குடியிருக்கிறார்கள் என்றுகூடத் தெரியும்.

நேரத்தை மாற்றியது

பினாங்கில் சூரியன் உதிப்பதே ஏழு மணிக்கு மேல்தான். 1982 ஜனவரி 1-ஆம் தேதி தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே நகர்த்தியதிலிருந்து நம் விடியல் கடிகாரப்படி தாமதம். 5.30-க்கு ஓட்டம் என்றால் ஏறக்குறைய ஓட்டம் முழுவதையும் செயற்கை வெளிச்சத்தில் ஓடுகிறோம் என்று அர்த்தம். ஏன் அவ்வளவு சீக்கிரம்? வெயில். முழு மாரத்தானுக்கு இது நியாயமான காரணம். பினாங்குப் பாலத்தில் நடக்கும் மாரத்தானில் முழுத் தூரம் ஓடுகிறவர்கள் நள்ளிரவு தாண்டியே கிளம்பிவிடுகிறார்கள். 42 கி.மீ. ஓடுபவரைப் பகல் வெயிலில் விட்டால் ஆபத்து. ஆனால் 7 கி.மீ. ஓட்டத்துக்கு அந்தக் காரணம் பொருந்தாது. மெதுவாக ஓடுகிறவருக்கும் ஒன்றேகால் மணி நேரம். பூங்காப் பக்கத்து மரநிழலில் ஒன்பது மணி வரை தாராளமாக ஓடலாம்.

ஆகவே கொடியசைப்பு 7.45 என்று முடிவானது. அந்த ஒரு முடிவிலேயே பல விஷயங்கள் தானாக விழுந்தன. விளக்குக் கோபுரம் வேண்டாம், அதன் ஜெனரேட்டர் வேண்டாம். பட்டர்வொர்த்காரர்கள் படகில் வரலாம். 2023 ஆகஸ்ட் முதல் ஓடும் புதிய படகுகளில் கார் ஏறாது. ஆட்கள், மோட்டார் சைக்கிள், சைக்கிள் மட்டும்தான். பட்டர்வொர்த்தில் பினாங்கு சென்ட்ரல் பஸ் நிலையம், ரயில் நிலையம், படகுத்துறை எல்லாம் ஒரே இடத்தில் இருப்பதால் ரயிலில் வருகிறவர் குடை இல்லாமலே நடந்து படகுக்குப் போய்விடலாம். சுங்கை பட்டாணி, புக்கிட் மெர்தாஜம், நிபோங் திபால், தைப்பிங் எல்லா ஊரையும் தொட்டு மின்சாரக் கொம்யூட்டர் ரயில் பட்டர்வொர்த்துக்கு வருகிறது. இத்தனை வசதியும் முன்பும் இருந்தது. எங்கள் நேரம்தான் அதற்கு ஒத்துவரவில்லை.

கிழமை விஷயத்தில் ஒரு சிக்கல். பினாங்கில் வார விடுமுறை சனி ஞாயிறு, கெடாவில் வெள்ளி சனி. ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் வைத்தால் சுங்கை பட்டாணிப் பிள்ளைக்கு அன்று பள்ளிக்கூடம். ஓடி முடித்து அவசரமாகத் திரும்ப வேண்டிய பெற்றோர் காரைத்தான் எடுப்பார்கள், பஸ்ஸுக்குக் காத்திருக்க மாட்டார்கள். சனிக்கிழமை இரண்டு மாநிலத்துக்கும் விடுமுறை. அதோடு அன்று பள்ளி பஸ்களும் சும்மா நிற்கும்.

பஸ்

சுங்கை பட்டாணியிலிருந்து ஓட்ட இடத்துக்குப் போக வர 120 கி.மீ. என்று வைத்துக்கொண்டால், ஒரு கார் சுமார் 22 கிலோ விடும். தனியாக வந்தால் அந்த 22-ம் அவர் கணக்கு, இருவர் என்றால் ஆளுக்கு 11, நான்கு பேர் நிரம்பி வந்தால் ஐந்தரை. அதே தூரத்துக்கு 100 கி.மீ.க்கு 30 லிட்டர் டீசல் குடிக்கும் ஒரு பஸ் சுமார் 97 கிலோ விடும். 40 பேர் ஏறினால் ஆளுக்கு இரண்டரைக் கிலோகூட இல்லை. பஸ் பழசாக இருக்கலாம், புகை வரலாம், அப்போதும் கணக்கு இதுதான். ஆனால் அதே பஸ்ஸில் ஒன்பது பேர் மட்டும் ஏறினால் ஆளுக்கு 11 கிலோவுக்குப் போய்விடும், காரில் ஜோடியாக வந்ததற்குச் சமம். பஸ் ஏற்பாடு செய்தோம் என்று சொன்னால் போதாது, இருக்கை நிரம்ப வேண்டும்.

இருக்கையை நிரப்பியது பதிவுப் படிவம். வழக்கமான படிவத்தில் பெயர், அடையாள அட்டை எண், டி-ஷர்ட் அளவு கேட்பார்கள். எங்கள் படிவத்தில் பெயருக்கு அடுத்த கேள்வியே "எந்த ஊரில் பஸ் ஏறுகிறீர்கள்?" என்பது. சுங்கை பட்டாணி, கூலிம், புக்கிட் மெர்தாஜம், நிபோங் திபால், பட்டர்வொர்த் படகு, எதுவும் வேண்டாம். பஸ் கட்டணம் பதிவுக் கட்டணத்துக்குள்ளேயே அடங்கிவிடும். காரில் வந்தாலும் அந்தப் பணம் கழியாது, அதோடு கார் நிறுத்த முன்பதிவும் தனிக் கட்டணமும் உண்டு. மூன்றுக்கு மேல் ஆள் இருந்தால் அந்தக் கட்டணம் தள்ளுபடி. இதை எதிர்த்தவர்கள் உண்டு. "காசு கட்டி ஓட வர்றவன்கிட்ட பார்க்கிங்குக்கும் வெள்ளி வாங்குறது நல்லா இல்லை தம்பி" என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கூட்டத்திலேயே சொன்னார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு என்பதால்தான் அந்தத் தள்ளுபடி வந்தது. வயதான பெற்றோரையும் கைக்குழந்தையையும் வைத்திருக்கும் குடும்பம் எப்படியும் மூன்றைத் தாண்டிவிடும், அவர்களுக்குச் சுமை இல்லை. தனியாக ஒரு காரில் வருகிறவருக்குத்தான் யோசனை வரும்.

தீவுப் பக்கப் படகுத்துறையிலிருந்து பூங்காவுக்கு ஊர் பஸ் இருக்கிறது, ஆனால் ஒரே படகில் நூறு பேர் வந்து இறங்கினால் அது தாங்காது. அதற்காக ஒரு வாடகை பஸ் படகுத்துறைக்கும் பூங்காவுக்கும் இடையே ஓடியது. இதில் கற்றுக்கொண்ட விஷயம்: பஸ் வரும் என்று மட்டும் சொன்னால் மக்கள் நம்ப மாட்டார்கள். ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு, ஓட்டுநர் அண்ணனின் படம், பஸ்ஸின் படம், ஏறும் இடத்தில் இருக்கும் கடையின் பெயர். இத்தனையும் போட்ட பிறகுதான் இருக்கைகள் வேகமாக நிறைந்தன. திரும்பும் பஸ் இரண்டு தடவையாக, ஒன்று பத்தரைக்கு, இன்னொன்று மலை நடை முடித்தவர்களுக்குப் பகல் ஒரு மணிக்கு. திரும்பும் நேரம் ஒன்றுதான் என்றால் பாதிப் பேர் "எதற்கு வம்பு" என்று காரை எடுத்துவிடுவார்கள்.

மோட்டார் சைக்கிள் பற்றி ஒரு வார்த்தை. கப்சாய் என்று சொல்லும் சின்ன மோட்டார் சைக்கிள் 100 கி.மீ.க்கு 2 லிட்டர்தான் குடிக்கும். இருவர் ஏறி வந்தால் அதே 120 கி.மீ.க்கு ஆளுக்கு மூன்று கிலோவுக்கும் கீழே, நிரம்பிய பஸ்ஸுக்கு ஏறத்தாழ சமம். கார்பன் கணக்கில் நல்லதுதான், ஆனாலும் இருட்டில் பினாங்குப் பாலத்தில் காற்றோடு வண்டி ஓட்டிவரச் சொல்லி நாங்கள் யாரையும் ஊக்குவிக்கவில்லை. படகில் வண்டியை ஏற்றி வாருங்கள் என்று மட்டும் சொன்னோம்.

கோலாலம்பூர் நண்பர்கள் விஷயம் கடினமானது. ஒரு வழி சுமார் 350 கி.மீ. தனியாகக் காரில் வந்து போகும் ஒருவர் 129 கிலோ அளவில் விடுகிறார். சுங்கை பட்டாணி பஸ்ஸில் வரும் ஐம்பது பேருக்கு மேல் சேர்ந்து விடும் அளவு அது. அவர்களுக்கு மின்ரயில் இருக்கிறது, நான்கு மணி நேரத்தில் பட்டர்வொர்த். முதல் நாளே வந்து ஜார்ஜ்டவுனில் தங்கி இரண்டு நாள் இருந்துவிட்டுப் போங்கள், நல்ல சாப்பாடும் ஊர் சுற்றலும் ஆச்சு என்று எழுதினோம். ஆனால் இதைவிட முக்கியமாகச் செய்தது வேறு: ரொக்கப் பரிசை எடுத்தோம். ரொக்கம் இருந்தால் தூரத்திலிருந்து வேகமாக ஓடும் ஆட்கள் அதற்காகவே வருவார்கள், பரிசை வாங்கிக்கொண்டு போவார்கள், உள்ளூர்ப் பிள்ளைகளுக்கும் அதில் பங்கு இருக்காது. "அனைத்துலக" என்ற அடைமொழி சேர்த்தால் விளம்பரதாரர் கிடைப்பார் என்ற யோசனையும் வந்தது. சேர்க்கவில்லை. எங்கள் நிகழ்ச்சியின் பெரிய பலமே அது வட்டார நிகழ்ச்சியாக இருப்பதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆள் கூட்டுவதையே வளர்ச்சி என்று எடுத்துக்கொண்டால் எந்தப் பசுமைத் திட்டமும் நிற்காது.

டி-ஷர்ட்

"டி-ஷர்ட் இல்லாம என்னா ஓட்டம்?" இந்தக் கேள்வியை எத்தனை பேர் கேட்டார்கள் என்று சொல்லி மாளாது. ஆனால் வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள் என்று சொன்னால் எல்லாருமே சிரிப்பார்கள். ஒவ்வொருவர் வீட்டிலும் பத்துப் பதினைந்து ஓட்ட டி-ஷர்ட், பாதி தரை துடைக்கப் போயிருக்கும்.

டி-ஷர்ட்டை நிறுத்திவிடவில்லை. படிவத்தில் "டி-ஷர்ட் வேண்டாம்" என்பதை முதலிலேயே தேர்ந்து வைத்திருந்தோம், வேண்டுமென்றால் மாற்றிக் கூடுதல் பணம் கட்ட வேண்டும். முன்பு எல்லாருக்கும் சேர்த்தே கட்டணம் வாங்கியதால் யாருக்கும் அது காசு என்றே தெரியவில்லை. தனியாகப் பிரித்ததும் பாதிக்கும் மேற்பட்டவர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். முன்பதிவு முடிந்த பிறகே அளவு வாரியாகத் தைக்கக் கொடுத்ததால், மிகச் சிறிய அளவும் மிகப் பெரிய அளவுமாகப் பெட்டியில் மிஞ்சிக் கிடக்கும் தொல்லையும் போனது. வருடமும் தேதியும் அச்சடிக்கவில்லை. மிஞ்சியது ஒன்றிரண்டு இருந்தாலும் அடுத்த வருடம் ஓடும், இல்லையென்றால் ஒரு தமிழ்ப்பள்ளி விளையாட்டு நாளுக்குப் போகும்.

விளம்பரதாரர்கள்தான் முகம் சுளித்தார்கள், அவர்கள் சின்னம் டி-ஷர்ட் முதுகில்தான் இருக்கும். அவர்களுக்கு பஸ்ஸைக் கொடுத்தோம். பஸ்ஸின் இரு பக்கமும் துணிப் பதாகை, "இந்தப் பயணத்தை வழங்குபவர்" என்று. ஒரு கடைக்காரர் டி-ஷர்ட்டுக்குத் தருவதாக இருந்த தொகையைவிட அதிகமாகவே தந்தார், ஏனென்றால் அவர் கடை இருக்கும் ஊரிலிருந்தே அந்த பஸ் கிளம்பியது. பதக்கத்திலும் இதே வழி. பிள்ளைகளுக்கு மட்டும் பதக்கம், அதிலும் வருடம் இல்லை.

தண்ணீர், மைலோ, சாப்பாடு

தைப்பூசத்துக்கு இதே சாலையில் இரண்டு பக்கமும் தண்ணீர்ப் பந்தல் போட்டு ஆயிரக்கணக்கானவர்களுக்கு மோரும் பானகமும் ஊற்றிப் பழகிய கைகள் எங்களிடம் இருக்கின்றன. அதையேதான் எடுத்துக்கொண்டோம். குழாய் வைத்த பெரிய பாத்திரம், திருமண மண்டபத்திலிருந்து வாங்கிய எவர்சில்வர் டம்ளர்கள். ஓடுகிறவர்கள் மடக்கு கோப்பை கொண்டுவந்தால் நல்லது என்றும் சொல்லியிருந்தோம். பிரான்ஸில் நடக்கும் மோன் பிளாங் மலை ஓட்டத்தில் சொந்தக் கோப்பை கட்டாய உபகரணப் பட்டியலிலேயே இருக்கிறது, அங்கே தண்ணீர் நிலையத்தில் கோப்பை தரமாட்டார்கள். நாங்கள் அவ்வளவு கண்டிப்பாக இருக்கவில்லை, இல்லாதவருக்கு டம்ளர்.

டம்ளர் முறையில் எங்கே சிக்கல் வரும் என்றால் முதல் தண்ணீர் நிலையத்தில். இரண்டாவது கி.மீ.க்கு முன்னால் கூட்டம் பிரியாமல் மொத்தமாக வரும், டம்ளர் கைமாறிக் கழுவி வருவதற்குள் வரிசை நின்றுவிடும். ஆகவே முதல் நிலையத்தை மூன்றரை கி.மீ.க்குத் தள்ளி வைத்தோம், அதற்குள் வேகமானவர்களும் மெதுவானவர்களும் பிரிந்து, ஐந்தாறு பேராக வருவார்கள். கழுவ மூன்று தொட்டி: சோப்பு, அலசல், கடைசியில் கொதிநீர். கொதிநீர்த் தொட்டியில் இடுக்கியோடு நின்ற அக்காமார்தான் அன்றைக்கு எல்லாரையும்விடக் கடுமையாக உழைத்தவர்கள். யாராவது பாத்திரத்துக்குள் டம்ளரை முக்கப் போனால் அவர்கள் குரல் பூங்கா முழுக்கக் கேட்டது.

பிள்ளைகளுக்கு மைலோ (சாக்லேட் பானம்) ஊற்றும் லோரி வந்தால்தான் ஓட்டப்போட்டி. அந்தச் சின்னக் காகிதக் கோப்பையில் குளிர்ந்த மைலோ, ஆளுக்கு மூன்று நான்கு முறை போய் வாங்குவார்கள், ஒவ்வொரு முறையும் புதுக் கோப்பை. காகிதம் என்றாலும் உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு உண்டு, மறுசுழற்சிக்குச் சுலபமாகப் போகாது. பிள்ளைகள் வீட்டிலிருந்து டம்ளர் கொண்டுவர வேண்டும், அதில் பெயர் எழுதியிருந்தால் கூடுதலாக ஒரு முறை ஊற்றுவோம் என்று அறிவித்தோம். பிள்ளைகள் அம்மா அப்பாவை விட ஒழுங்காகக் கொண்டுவந்தார்கள்.

சாப்பாட்டில் பெரிய சேதம் வராதவர்களால் வருகிறது. பதிவு செய்தவர்களில் ஒரு பகுதியினர் எப்போதும் வரமாட்டார்கள், மழை பெய்தால் இன்னும் அதிகம், ஆனால் பொட்டலம் முழு எண்ணிக்கைக்கும் கட்டியிருப்பார்கள். மிஞ்சுவது குப்பைக்குப் போகிறது. தீவின் குப்பை பத்து மாவுங் என்ற இடத்திலிருந்து கடல் தாண்டிப் பூலாவ் பூரோங் குப்பைமேட்டுக்குப் போய்ச் சேர்கிறது. 2022 ஜனவரியில் தீப்பிடித்துச் சுற்று வட்டாரமே புகையில் மூச்சுத் திணறியது அந்த மேட்டில்தான். அங்கே புதைந்த சோறு காற்றில்லாமல் அழுகும்போது மீத்தேன் வரும், நூறு ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் 28 மடங்கு சூடாக்கும் வாயு அது. அதனால் முதல் நாள் மாலை பஸ் குழுக்களில் "வருகிறேன்" என்று மறுபடியும் கைதூக்கச் சொல்லி, அந்த எண்ணுக்கு மட்டும் சமைத்தோம். பொட்டலமும் இல்லை; வாழை இலை வெட்டி வைத்த தட்டில் எலுமிச்சைச் சாதம், சுண்டல், ஒரு வாழைப்பழம். பரிசளிப்பு முடிந்து ஆட்டிறைச்சி விருந்து வைக்கும் பழக்கம் நின்றுபோனது பலருக்கு வருத்தம்தான். ஆனால் ஒரு கிலோ ஆட்டிறைச்சிக்கு 20 கிலோவுக்கு மேல் கணக்காகிறது, கொண்டைக்கடலைக்கு ஒரு கிலோவைச் சுற்றித்தான். சுண்டல் தீர்ந்துபோய் இரண்டாவது பாத்திரம் கேட்டார்கள் என்பதையும் பதிவு செய்கிறேன். மூடி இல்லாத குப்பைத் தொட்டி ஒன்றுகூட வைக்கக் கூடாது என்பது பூங்காக் குரங்குகளைத் தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

மலை நடை

மலை நடைக்குக் கார்பன் பெரிதாக இல்லை, காட்டுக்கு நேரும் சேதம்தான் கவலை. கொடிமலையும் அதைச் சுற்றிய காடும் 2021 முதல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகம். பாதை காட்ட மரத்துக்கு மரம் பிளாஸ்டிக் நாடா கட்டிவிட்டு, அவிழ்க்காமல் விட்டுப் போகிற குழுக்கள் இருக்கின்றன, பழைய நாடாக்கள் நைந்து தொங்குவதைப் பார்க்கலாம். 1938-ல் கோலாலம்பூரில் தோன்றி இன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கும் ஹாஷ் ஹவுஸ் ஹாரியர்ஸ் ஓட்டக் குழுக்கள் மாவையும் காகிதத்தையும் தூவி வழி காட்டுவார்கள். நாங்கள் அரிசி மாவு எடுத்தோம். கடையில் கோலமாவு என்று விற்பதில் பெரும்பகுதி கல்மாவு, அது வேண்டாம். சாப்பிடும் அரிசி மாவு என்றால் மழை கரைக்கும், எறும்பு மீதியைப் பார்த்துக்கொள்ளும். திருப்பங்களில் அம்புக்குறி, தவறான வழியில் ஒரு பெருக்கல் குறி. ஈரப் பாறையில் மாவு ஒட்டாது என்பதால் அந்த இடங்களில் ஆள் நிற்க வேண்டியிருந்தது.

முழங்கால் வலிக்காரர்கள் இறங்குவதற்கு 1923-லிருந்து ஓடும் மலை ரயில் இருக்கிறது, மின்சாரம்தான்.

மிச்சத்தை வாங்கி அடைப்பதா?

குறைத்தது போக மிஞ்சியதற்குக் கார்பன் வரவு (வேறெங்கோ குறைத்த உமிழ்வுக்கு விற்கும் சான்று) வாங்கி "கார்பன் சமநிலை ஓட்டம்" என்று போட்டுக்கொள்ளலாமே என்று ஒருவர் கேட்டார். மலேசியப் பங்குச் சந்தை 2022 டிசம்பரில் கார்பன் சந்தை தொடங்கியது. 2024 ஜூலையில் சபாவின் குவாமுட் மழைக்காட்டுத் திட்டத்தின் வரவுகள் டன் 50 ரிங்கிட்டுக்கு ஏலம் போயின. அந்த விலைப்படி பார்த்தால் மேலே போட்ட மாதிரிக் கணக்கு முழுவதையுமே, ஒரு காரைக்கூடக் குறைக்காமல், இருநூற்றைம்பது, முந்நூற்றைம்பது ரிங்கிட்டில் அடைத்துவிடலாம். ஒரு சுங்கை பட்டாணி பஸ்ஸின் வாடகையைவிடக் குறைவு. இவ்வளவு மலிவாக இருப்பதுதான் என்னைத் தயங்க வைக்கிறது. குவாமுட் காடு நிற்க வேண்டும், அதற்கு யாராவது பணம் தரட்டும், சந்தோஷம். ஆனால் எங்கள் குழு அந்த வழியில் இறங்கினால் அடுத்த வருடம் பஸ் ஏற்பாடு செய்ய யாரும் முன்வர மாட்டார்கள். வாங்கவில்லை.

இன்னும் தீராதவை

ஒலிபெருக்கிக்கும் வளைவு விசிறிக்கும் ஜெனரேட்டர் இன்னும் ஓடுகிறது. அதன் சுமை சின்னதுதான், ஆனால் ஜெனரேட்டர் அதே பழைய பெரியது. இது கவனிக்க வேண்டிய விஷயம்: பெரிய ஜெனரேட்டரைச் சின்னச் சுமையில் ஓட்டினால் ஒரு யூனிட் மின்சாரத்துக்குக் குடிக்கும் டீசல் கூடும். பக்கத்தில் மின் இணைப்பு எடுத்தாலும் சுழியாகாது, தீபகற்ப மின்கட்டமைப்பில் நிலக்கரியும் எரிவாயுவும்தான் அதிகம், ஒரு யூனிட்டுக்கு முக்கால் கிலோ அளவில் வருகிறது. ஆகவே இப்போதைக்குச் செய்யப்போவது, காற்று ஊதும் வளைவையே விட்டுவிட்டு மூங்கிலும் வாழை மரமும் மாவிலைத் தோரணமும் கட்டிய பந்தல் வாசல். திருமணத்துக்குக் கட்டுகிறவரே கட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஒலிபெருக்கிக்கு பேட்டரியில் ஓடும் பெட்டி இரண்டு இரவல் கிடைக்கும்.

நிபோங் திபால் பஸ் பாதிதான் நிரம்பியது. அங்கே ரயில் நிலையம் இருக்கும்போது பஸ் தேவையா என்று குழுவில் பேச்சு ஓடுகிறது. பஸ்ஸை பாரிட் புந்தாரிலிருந்து கிளப்பி வழியில் இரண்டு இடம் நிறுத்தலாம் என்பது ஒரு யோசனை, பஸ்ஸை எடுத்துவிட்டு ரயில் டிக்கெட்டைப் பதிவுக் கட்டணத்தில் சேர்த்துவிடலாம் என்பது இன்னொன்று. நான் இரண்டாவது பக்கம். காலை ரயில் பட்டர்வொர்த் வந்து சேரும் நேரத்தையும் படகு கிளம்பும் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் கொடியசைப்பைப் பதினைந்து நிமிடம் தள்ளிப் பதிவைத் திறப்போம்.